இருட்டுப் புள்ளிகள்

இவ்வளவு இருட்டு இருக்கக் கூடாதே என்று பியூலாவுக்குத் தோன்றியது, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது. தோன்றியவுடன் மூடியை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது, அதை அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தாள். வடிவு கேட்டாளே என்றுதான் அந்தப் படத்தைத் திறந்திருந்தாள். நாலு மணிக்குக் கீழே கூடத்தில் வடிவின் பணி நிறைவு விழா, அவள் பேசும்போது பின்னால் காட்ட நம் புரதப் படிகத்தின் படம் ஒன்று வேண்டும், அழகா இருக்கணும்ட்டி, எண்ணெல்லாம் போட்டுப் பயமுறுத்தாதே, என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. எக்ஸ் கதிர் படிகத்துக்குள் நுழைந்து சிதறி விழுந்த புள்ளிகள், கறுப்புத் துணியில் யாரோ உப்பை வீசியது மாதிரி, சில பளிச்சென்று, சில மங்கி, சில இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமலே. அந்த இல்லாத இடங்கள்தான். சில வாரங்களாக இதே படத்தை எத்தனை முறை பார்த்திருப்பாள், வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், சந்தோஷமாக இருக்கும் வீட்டில் யாரும் மூலைகளைப் பார்ப்பதில்லை அல்லவா, அப்படி. இன்றைக்கு, தயிர்சாதத்தின் கடைசி வாய்க்கும் டப்பாவின் மூடிக்கும் நடுவில், அந்த இருட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. இரட்டைப் படிகம் என்றால் இத்தனை இருட்டு வரக் கூடாது. இரட்டை இல்லையென்றால் வடிவு சாயங்காலம் எல்லோர் முன்னாலும் சொல்லப் போவது பொய்யாகிவிடும்.

வடிவு சொல்லப் போவது ஒரே ஒரு வாக்கியம். எங்கள் புரதத்துக்குத் திசை தெரியும். அந்த வாக்கியத்துக்காகச் சண்முகவடிவு இந்த நிறுவனத்தில் தன் பாதி ஆயுளைப் போட்டிருந்தாள். உப்பு ஏறிய மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, அதற்குள் ஒரு புரதம், அது டிஎன்ஏவின் ஒரு சின்னத் துண்டின் மேல் உட்கார்ந்து ஒரு மரபணுவை வாய் திறக்க விடாமல் அமர்த்தி வைக்கும். அந்தத் துண்டு விசித்திரமானது. எந்த முனையிலிருந்து படித்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், நட்டநடுவில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம். புரதம் அந்த வித்தியாசத்தைக் கவனிக்காது, எப்படி வேண்டுமானாலும் உட்காரும் என்று உலகத்தில் எல்லோரும் எழுதினார்கள். கவனிக்கும், ஒரே பக்கம் பார்த்துத்தான் உட்காரும் என்று வடிவு மட்டும் சொன்னாள். கருத்தரங்குகளில் சிரித்தார்கள், மரியாதையாகத்தான், மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு ரயிலில் திரும்பி வரும்போது வடிவு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள், விழுப்புரம் வரைக்கும் அந்தக் கடிக்கிற சத்தம்தான், பிறகு சட்டென்று, ஏட்டி பியூலா, அதுக்குத் தெரியும்ட்டி, என்றாள். புரதத்தைப் பற்றி அப்படிச் சொன்னாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி, எல்லோரும் மக்கு என்கிறார்கள், அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது போல.

பிறகு புரதமும் டிஎன்ஏவும் சேர்ந்து உறைந்த படிகம் வந்தது. வந்த படிகத்தில் டிஎன்ஏ இரண்டு பக்கமும் பார்த்துக் கிடப்பதாகத் தெரிந்தது. அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், அங்கேதான் எல்லாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆய்வகத்தைப் பார்க்க வரும்போது வடிவு தீப்பெட்டியை வைத்து அதை விளக்குவாள். கோவில்பட்டிக்காரி, தீப்பெட்டி ஆபீஸ் சுவருக்குப் பின்னால் வளர்ந்தவள். பாதிக் குச்சியைக் கட்டா, மருந்து இந்தப் பக்கம் பாக்க வையி. மீதியைக் கட்டா, மருந்து அந்தப் பக்கம் பாக்க வையி. ரெண்டு கட்டையும் ஒரே பெட்டியில போடு. அது இரட்டை. ஒவ்வொரு கட்டுக்குள்ளயும் ஒழுங்கு இருக்கு, கேட்டியா. இன்னொரு பெட்டியில குச்சியெல்லாம் கலந்து வாரிப் போடு. வரிசையாத்தான் இருக்கும், ஆனா எது எந்தப் பக்கம் பாக்குன்னு கிடையாது, அதது இஷ்டம். அது ஒழுங்கின்மை. இப்போ பெட்டியைத் திறக்காம எது எதுன்னு சொல்லணும், அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் சம்பளம். பிள்ளைகள் சிரிக்கும். ஆசிரியையும் சிரிப்பார். கட்டுகள் என்றால் வடிவு ஜெயித்தாள், ஒவ்வொரு கட்டுக்குள்ளும் புரதம் ஒரே பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. கலந்து கிடக்கிறது என்றால் இந்தப் படிகத்திடம் திசையைப் பற்றிக் கேட்கவே முடியாது. கேட்டால் பாதி இப்படி பாதி அப்படி என்று மட்டும் சொல்லும், காதில் வாங்காத ஆள் தலையை ஆட்டுவது மாதிரி.

திறக்காமல் சொல்ல ஒரு வழி உண்டு, இருட்டைப் பார்ப்பது. கலந்து கிடக்கும் பெட்டியில் எக்ஸ் கதிர் அலைகள் முதலில் கூடுகின்றன, பிறகுதான் வெளிச்சமாகின்றன. கூடும்போது ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளவும் செய்யும், அழித்துக்கொண்ட இடம் அப்படியே கறுத்துப்போகும். இரட்டையில் அப்படி இல்லை. இரண்டு கட்டும் தனித்தனியே வெளிச்சமாகி, அதற்குப் பிறகுதான் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. ஒன்று இருண்ட இடத்தில் மற்றது கொஞ்சமாவது ஒளிரும். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தாற்போல் இருண்டால்தான் அங்கே இருட்டு, அது அபூர்வம். ஆகவே இரட்டையில் இருட்டு குறைவு. இதைப் பியூலா எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறாள். ஆனால் இரு, பியூலா, அவசரப்படாதே. டிஎன்ஏ துண்டுகள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டு குழாய் மாதிரி நீளமாக அடுக்கிக்கொண்டால் அந்த அடுக்கே சில புள்ளி வரிசைகளைப் பளிச்சென்று ஆக்கி மற்ற வரிசைகளை இருட்டடித்துவிடும். இந்தப் படிகத்தில் அந்த அடுக்கும் இருக்கிறது. ஆகவே இந்த இருட்டு அந்தக் குழாயின் இருட்டாகவும் இருக்கலாம். அப்படித்தான் முன்பும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இருட்டை அளந்த எண்கள் நடுவாந்திரமாக வந்தன, ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நடுவாந்திரமான எண்ணிடம் மனுஷன் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வான்.

அதனால்தான் கடைசியில் கணினியிடம் விட்டார்கள். இது இரட்டை என்று வைத்துக்கொண்டு, வரைந்து வைத்த அணு மாதிரியைப் புள்ளிகளுக்குப் பொருத்திச் சீராக்கு என்றார்கள், எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் பிழை எண் சரசரவென்று இறங்கியது. இறங்கிய அன்றைக்கு வடிவு திரைக்கு முன்னால் நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கை பியூலாவின் தோளில் இருந்தது, அந்தக் கையின் கனம் கூடிக்கொண்டே போனது, உட்காரப் போகிறாளோ விழப் போகிறாளோ என்று பியூலா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அப்புறம் மாடி முழுக்க எல்லோருக்கும் கடலை மிட்டாய். ஒளித்து வைத்த புள்ளிகள். பியூலாவுக்கு இப்போதுதான் அவை நினைவுக்கு வந்தன. அந்தப் பிழை எண்ணை நம்பலாம் என்பதற்கே ஒரு ஏற்பாடு உண்டு, புள்ளிகளில் கொஞ்சத்தை மாதிரிக்குக் காட்டாமல் ஒளித்து வைப்பது, வினாத்தாளைப் பூட்டி வைப்பது போல. மாதிரி நிஜமாகவே படித்திருந்தால் அந்த ஒளித்த புள்ளிகளையும் சரியாகச் சொல்லும். ஆனால் இரட்டையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஜோடிப் புள்ளி உண்டு, ஒன்றை ஒளித்தால் அதன் ஜோடியையும் ஒளிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜோடியைப் பார்த்து எழுதிவிடும். ஒளிக்க வேண்டியவை எவை என்று தேர்ந்தது பியூலா. இரட்டையாக இருக்குமோ என்ற பேச்சே எழாத நாளில் தேர்ந்தது, குருட்டாம்போக்கில், எல்லோரும் செய்கிற மாதிரி. பேச்சு எழுந்த பிறகு அதை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வடிவு கண்ணை மூடிக்கொண்டு நின்றாளே, அந்தச் சந்தோஷத்தின் வினாத்தாள் முன்கூட்டியே வெளியே போயிருந்தது.

இப்போது ஜோடி ஜோடியாக ஒளித்துவிட்டு, பியூலா கணினியில் இரண்டு விதமாக ஓட விட்டாள். இரட்டை என்று வைத்துக்கொண்டு ஒன்று. கலந்து கிடக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் பாதி இப்படி பாதி அப்படி என்று வைத்துக்கொண்டு இன்னொன்று. திரையின் அடியில் ஒரு நீலக் கோடு நகரத் தொடங்கியது. இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை, அது நகர வேண்டும், அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏசியிலிருந்து ஒரு சொட்டு பிளாஸ்டிக் வாளியில் விழுந்தது, கொஞ்சம் கழித்து இன்னொன்று. வெளியே தூங்குமூஞ்சி மரத்தின் மேல் வானம் கறுத்து, ஆனால் மழை வராமல், ஐப்பசி மாதத்துச் சென்னை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கீழே நாற்காலி இழுக்கிற சத்தம், யாரோ மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்றார்கள். வடிவு காலையில் கத்திரிப்பூ நிறத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து இந்த வாசலில் நின்றாள், கையைத் தூக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல். இந்தத் தையல்காரன் என்னை இருபது வயசுப் பிள்ளைன்னு நினைச்சுட்டான்ட்டி, மூச்சு விட்டா தையல் விட்டுரும், அதான் பேச்சைச் சுருக்கிக்கிடப் போறேன். நீ சுருக்குவியா, என்று பியூலா கேட்டாள். ஒரே வாக்கியம்தான், மத்ததெல்லாம் நன்றி, என்றாள் வடிவு. நெல்லையப்பன் அத்தான் முன் வரிசையில உக்காருவாரா, என்று அவள் கணவனைப் பற்றிக் கேட்டாள் பியூலா. உக்காந்து தூங்குவாவ. அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எழுப்பி விட்டுருங்கன்னு பக்கத்துல இருக்கவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன். சிரித்தார்கள். மல்லிகைப்பூவும் தேங்காயெண்ணெயும் புதுப்பட்டின் கஞ்சி வாசனையுமாக அவள் போன பிறகும் வாசலில் கொஞ்ச நேரம் அவள் நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது.

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன. திங்கட்கிழமை சொல்லலாம். இன்றைக்கு ஒரு சாயங்காலம், மாலை, பொன்னாடை, சமோசா, அந்த ஒரு வாக்கியம், கைதட்டல், அது முடிந்து இரண்டு நாள் கழித்து நிதானமாக, வடிவு ஒரு சின்ன விஷயம், என்று ஆரம்பிக்கலாம். கட்டுரை இன்னும் போகவில்லை, அனுப்புவதற்கு முன்னால் திருத்திக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டமில்லையா. எல்லோர் முன்னாலும் சொன்ன வாக்கியத்தை வடிவு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் வேலையை விட்டுப் போன பிறகு, திரும்பி வந்து சொல்ல ஒரு மேஜைகூட இல்லாமல். அந்த மரியாதைச் சிரிப்பைச் சிரித்தவர்கள் மறுபடி சிரிப்பார்கள், இந்த முறை காரணத்தோடு. அதை அவள் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருவேளை இரட்டையாகவே இருந்துவிட்டால், நீலக் கோடு போய்ச் சேரும்போது எண் கீழேயே நின்றுவிட்டால், இந்தப் பயமெல்லாம் தயிர்சாதம் போல ஜீரணமாகிவிடும், வடிவுக்குத் தெரியவே வேண்டாம். பியூலா ஜெபம் பண்ணலாமா என்று பார்த்தாள். எதற்காக என்று கேட்டால் என்ன சொல்வது. ஆண்டவரே, அந்த டிஎன்ஏ ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கும்படி செய்யும். அது எந்தப் பக்கம் படுத்ததோ அந்தப் பக்கம் படுத்து உறைந்துபோய் எத்தனையோ காலமாகிவிட்டது, இனி ஜெபம் அங்கே போய்ச் சேராது.

அந்தப் படிகம் வந்ததே ஒரு கதை. வருடக்கணக்காகத் தட்டுகளில் வெறும் கூழ், இல்லையென்றால் ஊசி ஊசியாக எதற்கும் உதவாத முள். படிகம் வளர்க்கிறவர்கள் பூனை மீசையை வைத்திருப்பார்கள், அதைக் கொண்டு பழைய படிகத் தூளைத் தொட்டுப் புதுச் சொட்டில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டில் புதுப் படிகம் பிடிக்கும். வடிவின் வீட்டுப் பூனை மீசையை உதிர்க்கும் இடமெல்லாம் அவளுக்குத் தெரியும், சோபாவுக்கு அடியில், அரிசிச் சாக்குக்குப் பின்னால், தவழ்ந்து போய் எடுத்து வருவாள், அவள் மாமியார் இந்தப் பெண் டாக்டர் பட்டம் வாங்கினது இதற்குத்தானா என்று கேட்டாளாம். அப்படி இழுத்த ஒரு கோட்டில் ஒரே ஒரு படிகம், கற்கண்டு உடைந்த துணுக்கு மாதிரி, அதற்குப் பிறகு எத்தனை கோடு இழுத்தும் அது போல இன்னொன்று வரவில்லை. அதை எடுத்துத் திரவ நைட்ரஜனில் முக்கிய அன்றைக்கு வடிவின் கை ஆடவே இல்லை. அந்தக் கை. பியூலாவின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் அந்தக் கைதான் நீர் பிரிகிற பையை மாற்றியது, தலையை வாரியது. நீ போய்ப் படு, நான் பாத்துக்கிடுதேன் என்று வடிவு சொல்லிவிட்டு, அம்மா பாட்டு கேட்டாள் என்பதற்காகக் சர்ச்சில் காதில் விழுந்த ஏதோ ஒரு ஞானப்பாட்டைக் கோவில் பஜனை ராகத்தில் பாடியிருக்கிறாள். நாலு நாளாகப் பேசாத அம்மா கண்ணைத் திறந்து, ராகம் தப்பு, என்றாளாம். அதுதான் அம்மா கடைசியாகச் சொன்னது. அதைச் சொல்லி இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதார்கள், நடுவே சிரித்தார்கள், அழுகை எங்கே முடிந்து சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வடிவுக்கு மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனது. அதற்கு வைத்திருந்த பெயர் பியூலாவுக்கு மட்டும் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அவள் ஆய்வகத்துக்கு வந்து கண்ணாடித் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள், ஏற்கெனவே கழுவி வைத்தவற்றையே. பியூலா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து வைத்தாள். துடைத்து வைத்ததை வடிவு மறுபடி எடுத்துக் கழுவினாள். அப்படியே சாயங்காலம் ஆனது. இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உடைந்துபோனதாக அவளுக்கு ஒரு நாளும் நினைவில்லை. ஒருத்தி கறுத்துப்போன நாளில் மற்றவள் எப்படியோ நிமிர்ந்து நின்றிருக்கிறாள், அது முடிவு செய்து நிற்பதில்லை, அப்படி அமைந்தது. தனித்தனி வீடு, தனித்தனி சாமி, இவளுக்குக் கல்யாணமில்லை, அவளுக்குச் சம்பந்தி வீடு வரைக்கும் உண்டு, ஒருத்தி வாழ்க்கைக்குள் ஒருத்தி கலந்துவிட்டாள் என்று சொல்லவே முடியாது. ஆனாலும் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரே வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கும். இருட்டு குறைவு. பியூலா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அசடே, மனுஷரைப் புள்ளியாக்காதே. ஆனால் நினைவு நிற்கவில்லை, அது அடுத்த இடத்துக்குப் போய்விட்டது, அடுத்த மாதத்துக்கு. அடுத்த மாதம் இந்த அறையில் அவளுக்கு ஒரு நாள் இருண்டால் அது இருட்டாகவே இருக்கும். அவள் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. சொல்லப்போகிற செய்திக்குப் பிறகு வடிவு அவள் முகத்தில் விழிக்காமல் போனால் அந்த இரண்டு வருடமும் அதற்குப் பிறகு உள்ளதும் அப்படியேதான். வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. தான் இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்தது புரதத்துக்காக இல்லை என்று பியூலாவுக்கு அப்போது தெரிந்தது, தெரிந்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நீலக் கோடு எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. இரட்டை என்று வைத்துக்கொண்ட ஓட்டத்தில் பிழை எண் அன்றைக்கு இறங்குவதற்கு முந்தைய பழைய இடத்துக்கே, அதற்கும் கொஞ்சம் மேலேயே, ஏறிப்போய் நின்றிருந்தது. கலந்து கிடக்கிறது என்று வைத்துக்கொண்டது தெளிவாகக் கீழே. குழாய் அடுக்கினால் வரும் இருட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தாள், மீதி இருட்டு அப்படியே இருந்தது. இன்னும் ஒன்று பாக்கி. டிஎன்ஏவின் நடுவில் அந்தச் சின்ன வித்தியாசம் இருக்கிற இடத்தை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு, அங்கே படிகம் தானாக என்ன காட்டுகிறது என்று பார்ப்பது. எடுத்தாள். டிஎன்ஏவின் எழுத்து ஒரு பக்கம் பெரிய வளையமாக, மறுபக்கம் சின்ன வளையமாக வர வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பெரியதும் சின்னதும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, பெரியதும் இல்லை சின்னதும் இல்லை என்று ஒரு வலைக்கூடு திரையில் மெல்லச் சுற்றியது. ஆடாமல் எடுத்த புகைப்படத்தில் ஆள் மட்டும் தலையைத் திருப்பிவிட்ட மாதிரி. அது அழகாகக்கூட இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, படிகத் தட்டுகளை வைத்திருக்கும் குளிர் அறையைப் பார்த்து நடந்தாள். வடிவு அங்கேதான் இருப்பாள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பட்டுச்சேலையின் மேல் வெள்ளைக் கோட்டு, அதன் மேல் ஆண்கள் ஸ்வெட்டர் ஒன்று. வடிவு நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் பழைய தட்டுகள் அடுக்கியிருந்தன, குப்பைத் தொட்டியில் பாதி விழுந்திருந்தன.

"வந்துட்டியா. இந்தத் தட்டைப் பாரு, கஞ்சி மாதிரி இருக்கு. தூரப் போடவும் மனசு வரல."

"வடிவு."

"படம் ஆயிட்டா? அழகா இருக்கா?"

"அது இரட்டை இல்ல, வடிவு."

வடிவு கண்ணை எடுக்கவில்லை. விரல் மட்டும் திருகைத் திருப்புவதை நிறுத்தியது.

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லுதேன். ஒளிச்சு வச்ச புள்ளியை ஜோடியா எடுக்கல. விடையைப் பாத்து எழுதியிருக்கு. இப்போ சரியா எடுத்து ஓட்டினேன். நடுவுல ரெண்டும் கலந்துதான் கிடக்கு."

"குழாய் மாதிரி அடுக்கியிருக்கே, அதனால வந்திருக்கும்."

"அதையும் கழிச்சுப் பாத்துட்டேன்."

குளிர்பதனப் பெட்டியின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வடிவு நிமிர்ந்தாள். கண்ணைச் சுற்றி நுண்ணோக்கியின் வளையம் பதிந்து சிவந்திருந்தது.

"புள்ளியை எடுத்தது நீதானே?"

"நான்தான்."

"நீதான் எடுப்ப. எனக்கு எங்க அதெல்லாம் தெரியும். நீ சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு நம்புதவதானே."

பியூலா குப்பைத் தொட்டியின் விளிம்பில் நின்ற ஒரு தட்டை எடுத்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"அப்போ அதுக்குத் திசை தெரியாதா?"

"அப்படிச் சொல்ல முடியாது. புரதத்துக்குத் தெரியுமோ என்னமோ. இந்தப் படிகத்துக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"இதை விட்டா வேற படிகம் இல்லையேட்டி." அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு, "இன்னைக்கு ஏன் சொன்ன? திங்கக்கிழமை சொல்லியிருக்கலாம்லா."

"அதையும் யோசிச்சேன்."

"யோசிச்சியா." வடிவு ஸ்வெட்டரின் கையை இழுத்து விரல்களை உள்ளே மறைத்துக்கொண்டாள். "நீ கொஞ்சம் வெளிய நில்லு, பியூலா."

வெளியே வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. குளிரிலிருந்து வந்ததால் காற்று வெந்நீர் மாதிரி முகத்தில் பட்டது, கண்ணாடி முழுக்கப் புகை படிந்து எதுவும் தெரியவில்லை, அவள் துடைக்கவும் இல்லை. கடைசியில் வடிவு பியூலா என்றுதான் சொன்னாள். ஏட்டி என்று சொல்லவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, தட்டு உடைகிற சத்தம்கூட, உடைத்தால் நன்றாக இருக்குமே என்று இருந்தது. வடிவு உடைக்க மாட்டாள், கழுவுவாள். குழாய் திறக்கிறதா என்று காதைத் தீட்டினாள். படிக்கட்டில் ஆட்கள் இறங்கிப் போனார்கள், என்ன மேடம் இங்கே உட்கார்ந்துட்டீங்க, ஆரம்பிக்கப் போறாங்க, என்று ஒரு குரல், அவள் அந்தத் திசையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இன்றைக்கு இரண்டு பேருமே இருண்டுபோனோமோ என்று மனசில் ஓடியது. இரண்டு பேரும், ஒரே இடத்தில், ஒரே சமயத்தில். அபூர்வம் என்றுதான் சொன்னேன், நடக்காது என்று சொல்லவில்லையே. மழை தொடங்கியிருந்தது போலும், மண் வாசனை முதலில் வந்தது, சத்தம் பிறகு வந்தது. கீழே மைக்கில் யாரோ வரவேற்புரை ஆற்றினார்கள், வார்த்தை புரியவில்லை, முனைவர் சண்முகவடிவு என்பது மட்டும் இரண்டு முறை எழும்பி வந்தது, தெரியாத ஒருத்தரின் பெயர் மாதிரி. நான் உள்ளே போகட்டுமா. போனால் என்ன சொல்வது. மன்னித்துவிடு என்றால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பாரத்தையும் எதற்கு அவள் தலையில் வைப்பது. இப்படியே உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வேலை.

கதவு திறந்தது. வடிவு ஸ்வெட்டரையும் கோட்டையும் கழற்றி விட்டிருந்தாள். முகம் கழுவி, பொட்டு அழிந்து, நெற்றி வெறுமையாக இருந்தது. பெஞ்சில் பியூலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், உட்கார்ந்த வேகத்தில் பெஞ்சு ஒரு முறை ஆடியது.

"உன்கிட்டக் கோவமா இருக்கு," என்றாள் வடிவு.

"சரி."

"இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும்."

"இருக்கட்டும்."

"பொட்டு இருக்கா உன்கிட்ட? உன்கிட்ட எங்க இருக்கும்." கையால் நெற்றியைத் தடவிக்கொண்டாள். கீழே மைக்கில் பெயர் மறுபடி ஒலித்தது, இந்த முறை தெளிவாக, மேடைக்கு வருமாறு அன்புடன், என்று.

"வடிவு, கூப்பிடுதாவ."

"கூப்பிடட்டும். கீழ போயி எங்களுக்குத் தெரியலன்னு நான் சொல்லணும்னா, என்ன தெரியலன்னு முதல்ல எனக்குத் தெரியணும்ல. கண்ணை மூடிக்கிட்டு நம்பினது போதும். சொல்லுட்டி, ஒழுங்கா, விளங்கும்படியா சொல்லு."

"எங்கே இருந்து சொல்ல?"

"நீ தப்புப் பண்ணின இடத்துல இருந்து."

கீழே கைதட்டல் தொடங்கி, யாரும் வராததால் தயங்கி, ஓய்ந்தது. பியூலா நாற்காலியை இழுப்பது போலப் பெஞ்சில் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினாள்.